பரஸ்தானம் வைத்த பை

கரமனையில் எங்கள் தெருவில் யாராவது விமானத்தில் போவதாக இருந்தால், முதலில் எங்கள் எதிர்வீட்டு மாமாவிடம் சொல்வார்கள். பிறகுதான் டிக்கெட் போடுவார்கள். சொல்லாமல் போட்டுவிட்டால் அவருக்குக் கோபம் வராது. கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார். டிக்கெட்டின் விலையைச் சொல்வோம்.

"அது டிக்கெட்டு. நான் கேட்டது, எவ்வளவு ஆச்சு?"

அப்புறம் ஆரம்பமாகும். பைக்கு எவ்வளவு கொடுத்தாய்? ஜன்னல் சீட்டுக்கு? உள்ளே காப்பி குடித்தாயா? அகால வேளையில் போய் இறங்கினாயே, அங்கே டாக்ஸிக்காரன் என்ன கேட்டான்? ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து, கண்ணை மூடி மனதுக்குள்ளேயே கூட்டி, ஒரு தொகையைச் சொல்வார். கூடவே, பையும் சாப்பாடும் சேர்த்துத் தருகிற பெரிய விமானத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்வார். பெரும்பாலும் நாம் ஏமாந்திருப்போம். அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் போக வேண்டியதுதான்.

தம்பானூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஒல்லியான தேகம். வேட்டி, மேலே ஒரு துண்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு விமானக் கட்டணங்களைப் பார்ப்பார். மாமிக்கு அது ஆகவே ஆகாது. "ஊர்ல எல்லாரும் பறக்கறா. இவர் இங்கே இருந்துண்டு அவாளுக்கு வெறுதே காவல்" என்பாள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதனாலேயே தெருவில் எல்லோருடைய பயணமும் அவர் வீட்டு விசேஷம் மாதிரி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

விமானக் கம்பெனிகளின் பெயரை அவர் சொன்னதே இல்லை. மலிவு விமானம் எல்லாம் சில்லறைக்காரன். மற்றது மொத்தக்காரன். "சில்லறைக்காரன் சாதத்துக்குத் தனி, சாம்பாருக்குத் தனி, இலைக்குத் தனின்னு வாங்குவான். மொத்தக்காரன் மீல்ஸ் போடறவன். நீ அரை வயத்துக்காரின்னா மீல்ஸ் நஷ்டம். வயறார சாப்பிடறவளுக்குச் சில்லறை நஷ்டம். அவ்வளவுதான் கேட்டியா" என்று எனக்கு ஒரு தடவை சொன்னார்.

அவர் மொத்தக்காரன் கட்சி என்று நினைத்துவிடக் கூடாது. முதுகில் ஒரு பையோடு பெங்களூர் போய் மறுநாள் திரும்புகிறவர்களுக்குச் சில்லறைதான் என்பார். நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் சக ஊழியர்களுக்கும் என் வழியாக அவரிடமிருந்து தீர்ப்பு போகும். ஆனால் வயதானவர்களை இடையில் ஓரிடத்தில் இறக்கி, மணிக்கணக்கில் உட்கார வைத்து, வேறு விமானத்தில் ஏற்றும் மலிவு டிக்கெட்டை யாராவது கொண்டுவந்தால் முகம் சிவந்துவிடும். "உங்கம்மாவோட முட்டிக்கும் ஒரு விலை போடணுமோல்லியோ? அதைக் கூட்டலையே நீ!" கோயில் சுவாமியைக் கடலில் நீராட்ட எடுத்துப்போகும் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதை வழியாகப் போகும் சாயங்காலம் விமானங்கள் நின்றுவிடும் என்பதைக்கூட அவர்தான் முன்கூட்டி நினைவுபடுத்துவார். மறந்துபோய் டிக்கெட் எடுத்தவர்கள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

இப்பேர்ப்பட்ட மாமாவே ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டார்.

எங்கள் தெருவில் பரஸ்தானம் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் நேரம் ராகுகாலமாகவோ, நாள் சரியில்லாமலோ இருந்தால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகிற சாமான்களில் ஒன்றைப் பக்கத்து வீட்டிலோ எதிர்வீட்டிலோ கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும், போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். வைத்ததை மட்டும் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் பயணம் இல்லை என்று அர்த்தம். விமான நிறுவனங்கள் ராகுகாலம் பார்த்து விமானம் விடுவதில்லை ஆதலால் எங்கள் வீட்டுக் கூடத்தில் யாருடைய மூட்டையாவது எப்போதும் இருக்கும்.

மாமியின் தங்கை பெண்ணுக்கு ஹைதராபாதில் கல்யாணம். மாமா அலசி ஆராய்ந்து சில்லறைக்காரனில் டிக்கெட் போட்டார். பைகளைக் கொக்கித் தராசில் தூக்கித் தூக்கி எடை பார்த்தார். ஒரு புடவை உள்ளே போகும், ஒரு சம்புடம் வெளியே வரும். சரியாக அனுமதித்த எடைக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கிளம்பும் அன்று காரை எங்கள் வாசலில் நிறுத்தி, முதல் நாள் காலையில் பரஸ்தானமாக வைத்திருந்த பையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பைதான் எடையில் சேரவில்லை. அதில் அப்பளக் கட்டும் ஊறுகாய் டின்னும் முறுக்கும் இருந்தன.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண், "அங்கிளே, வெயிட் குறே கூடுதலாணல்லோ" என்று, எடை ரொம்பக் கூடுதல் என்பதை மலையாளத்தில் சிரித்தபடியே சொன்னாளாம். மாமா கட்டிய பணத்தில் மொத்தக்காரனில் காலை நீட்டிக்கொண்டு போயிருக்கலாம். திரும்பி வந்ததும், யாரும் கேட்காமலே, வாசல் வாசலாகப் போய் அவரே இதைச் சொன்னார். "பரஸ்தானத்துக்கு ஒரு வெயிட் உண்டு கேட்டேளா! நான் கூட்டலை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு யார் பை கட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எதிராத்துல என்ன வெச்சிருக்கே?"

நான் அவரை நேசிக்கத் தொடங்கியது இந்தச் சிரிப்பால் அல்ல. சென்னையில் என் தம்பி வீட்டில் இருந்த அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று ஒரு மத்தியானம் போன் வந்தது. போனில் இரண்டு மூன்று விமானங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல மாமாவிடம் ஓடினேன். ஒன்று மாலையில் கிளம்பும், மலிவு. ஒன்று உடனே கிளம்பும், யானை விலை. அவர் என் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"இதுக்கு கம்பேர் பண்ணப்படாது. எது முன்னாடி கெளம்பறதோ அதுல ஏறு."

"மாமா, விலை..."

"விலை கெடக்கட்டும். போ. பையைக்கூடக் கட்டாதே."

அவரே தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவிருந்தது. என்னைப் பார்த்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்தக் கேள்வியை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் மாமா என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஊர் திரும்பிய பிறகு, என்னிடம் மட்டும் அவர் எவ்வளவு ஆச்சு என்று கேட்கவில்லை.

அவருக்கு ஓர் அண்ணா உண்டு. பம்பாய் பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறார். அந்தப் பேச்சை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் கண்ணால் பார்த்தது.

மாமாவின் அம்மா தவறிப்போனாள். பம்பாய்க்குத் தகவல் போயிற்று. நேராக வருகிற விமானம் ஒன்று இருந்தது, அண்ணா அதில் வந்துவிடுவார் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. சாஸ்திரிகள் அவசரப்படுத்தினார். இனியும் வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஆண்கள் தெருவுக்குள் திரும்பியபோது, அண்ணா ஆட்டோவில் வந்து இறங்கினார். பெங்களூரில் இறங்கி, அங்கே காத்துக் கிடந்து, இன்னொரு விமானம் மாறி வந்திருக்கிறார்.

மாமா நடுத்தெருவில் நின்று கேட்டார்:

"நேரா வர விமானம் இருந்துதே. எவ்வளவு மிச்சம் பிடிச்சே?"

அண்ணா பதில் சொல்லவில்லை. காரியங்கள் முடியும் மட்டும் இருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் செய்தார். பதின்மூன்றாம் நாள் கிளம்பிப் போனவர் பிறகு வரவே இல்லை. "அன்னியிலேர்ந்துதான் இவர் இந்தக் கணக்கைப் பிடிச்சுண்டார்" என்று மாமி ஒரு நாள் அடுக்களையில் என்னிடம் சொன்னாள். நாங்கள் எல்லோரும் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு அப்படி ஒரு பிறப்பு இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணாவுக்கு இதய அறுவை சிகிச்சை ஆயிற்று என்று யார் வழியாகவோ செய்தி வந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் வெளியே அதிகம் நடமாடுவதில்லை என்றார்கள். மாமா இரண்டு நாள் போனையே தொடவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வாசலுக்கு வந்து, "பம்பாய் போணும். அண்ணாவைப் பாக்கணும்" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உடனே போனை எடுத்தேன்.

"நீ விடு, நான் பாத்துக்கறேன்."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஊராருக்கெல்லாம் ஒரு காப்பி ஆறுவதற்குள் தீர்ப்புச் சொன்னவருக்குத் தன் பயணக் கணக்கு மட்டும் முடியவே இல்லை. சில்லறைக்காரன் இன்றைக்குக் குறைத்திருக்கிறான், ஆனால் தேதி மாற்றினால் தீட்டிவிடுவான். மொத்தக்காரன் சாயங்காலம் போகிறான், டோம்பிவிலி போய்ச் சேர நேரமாகிவிடும். அடுத்த மாதம் மழை. அதற்கடுத்த மாதம் பண்டிகைக் கூட்டம், விலை ஏறிவிடும். ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஒரு நாள் காலையில் பளிச்சென்று வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு நீலப் பையோடு வந்தார். கூடவே தராசையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் கூடத்தில் அந்தப் பையைத் தூக்கிப் பிடித்து, "பாத்துக்கோ, ஏழு கிலோவுக்குள்ள. எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று காட்டிவிட்டு மூலையில் வைத்தார்.

"டிக்கெட் போட்டாச்சா மாமா?"

"நாள் நன்னாயிருக்கு. பரஸ்தானம் இருக்கட்டும். டிக்கெட் பின்னாடி வரும்."

டிக்கெட் இல்லாமல் பரஸ்தானம் வைத்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. கொஞ்ச நாளில் சிரிப்பு போய்விட்டது. பையில் அண்ணாவுக்கென்று நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் ஒன்று இருந்தது. சின்ன வயதில் இரண்டு பேரும் அதற்காக அடித்துக்கொள்வார்களாம். வறுவல் எத்தனை நாள் தாங்கும்? சிக்கு வாடை அடிப்பதற்கு முன்னால் மாமா வருவார், பையைத் திறப்பார், பழைய பொட்டலத்தை எடுத்து எங்களிடம் கொடுத்துவிட்டுப் புதுப் பொட்டலத்தை வைப்பார். எங்கள் வீட்டில் வறுவலுக்குக் குறைவே இல்லை. பையைத் திரும்பத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவும் அவருக்கு மனம் வரவில்லை. கொண்டுபோனால் போகவில்லை என்று ஆகிவிடுமே.

ஒரு தடவை என்னால் பொறுக்க முடியவில்லை. புதுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

"எனக்கு அன்னிக்கு என்ன சொன்னேள் மாமா? எது முன்னாடி கெளம்பறதோ அதுல ஏறுன்னேளே. உங்களுக்கு மட்டும் என்ன இவ்வளவு கம்பேரிசன்?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

"உங்கப்பா உன்னைப் பாத்தா சந்தோஷப்படுவார்னு உனக்குத் தெரியும். நீ போனே. நான் போய் நிக்கறேன்னு வெச்சுக்கோ. அண்ணா வாசல்லயே நிறுத்தி, 'எவ்வளவு மிச்சம் பிடிச்சே?'ன்னு திருப்பிக் கேட்டா? நான் என்னத்தைச் சொல்வேன்?"

"கேக்க மாட்டார் மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர் தராசை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

போன வருஷம், ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவர் மாமியிடம் தண்ணீர் கேட்டாராம். அவள் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. மாமி அழவில்லை. என்னைக் கூப்பிட்டு, "அவரோட அண்ணாவுக்குப் போன் பண்ணு. அவர் வராம இவரை எடுக்கப்படாது" என்றாள். வருவாரா என்று தயங்கினேன். "நீ சொல்லு. வரதும் வராததும் அவர் பாடு" என்றாள்.

போனில் செய்தியைச் சொன்னேன். எப்போது என்று மட்டும் கேட்டார். பிறகு, "அடுத்த விமானத்துல வரேன். வெச்சிருங்கோ" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டார். மாமாவை இன்னும் கொஞ்சம் உயரமாக, இன்னும் கொஞ்சம் கிழவராக ஆக்கினால் அவர். மார்பில் அறுவைத் தழும்பின் நுனி சட்டைக்கு மேலே தெரிந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. தம்பியின் தலைமாட்டில் மெதுவாக உட்கார்ந்தார். நெற்றியில் கை வைத்தார்.

"நேரா வர விமானத்துலதான்டா வந்திருக்கேன். எவ்வளவு ஆச்சுன்னு கேளேன். கேளேன்டா."

அதுவரை அழாத மாமி அப்போது அழுதாள். நானும் அழுதேன்.

பதின்மூன்றாம் நாள் ஆன பிறகு, ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மூலையிலிருந்த நீலப் பையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பரஸ்தானம் என்று ஒரு வார்த்தை சொன்னதுமே புரிந்துகொண்டார். தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, அடியில் அந்தப் பொட்டலம். மாமா போவதற்கு நாலைந்து நாள் முன்னால்தான் மாற்றி வைத்திருந்தார். பிரித்து ஒரு வில்லையை வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிக்க வெகுநேரம் பிடித்தது.

"அன்னிக்கு நேரா வர விமானத்துல எடமே இல்லேம்மா" என்றார், பையைப் பார்த்தபடியே. "எது கெடச்சுதோ அதுல ஏறினேன். பெங்களூர் சுத்தி வந்ததுக்கு அதைவிட ஜாஸ்திதான் ஆச்சு. கையில பணமில்லாம, பக்கத்தாத்துல வாங்கிண்டு வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே மாமா!"

"எவ்வளவு ஆச்சுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவன் எவ்வளவு மிச்சம்னு கேட்டான்."

எனக்கு மாமாவின் மேல் அப்போது வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? தெருவில் ஒருவரையும் விடாமல் எவ்வளவு ஆச்சு என்று கேட்ட மனுஷர், கேட்க வேண்டிய ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கோபம் போகவும் இல்லை. அவரிடம் போய்ச் சண்டை போட முடிந்தால் போய்விடும்.

அண்ணா அந்தப் பையைத் தானே எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். தொடங்கிய பயணத்தை நடுவில் விடக் கூடாது என்றார். ஆனால் திரும்பிப் போவதற்கு அவர் போட்டிருந்தது மலிவு டிக்கெட். கையில் ஒரு பைதான் விடுவார்கள். கொஞ்சம் யோசித்தார். தான் கொண்டுவந்த பழுப்புப் பையிலிருந்து மருந்துகளை மட்டும் எடுத்து நீலப் பையில் போட்டுக்கொண்டார். பழுப்புப் பையை, நீலப் பை இருந்த அதே மூலையில் வைத்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும். வருஷாப்தீகத்துக்கு வரச்சே எடுத்துக்கறேன்."

வாசலில் ஆட்டோவில் ஏறும்போது நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

மாமாவின் முதல் வருஷத் திதியான வருஷாப்தீகம் இதோ, அடுத்த மாதம். போன ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய்தேன். உடம்பு பரவாயில்லை என்றார். மாமியை விசாரித்தார். பை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். டிக்கெட் போட்டாயிற்றா என்று நான் கேட்டேன்.

"பாத்துண்டிருக்கேன்மா. இப்போ கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. அடுத்த வாரம் கொறையும்ங்கறா. இன்னொண்ணு கோயமுத்தூர் வழியா போறது, அதுல பைக்குத் தனியா..."

நான் அவரை முடிக்க விடவில்லை.

"கொறையாது மாமா. இன்னிக்கே போடுங்கோ. நான் போனை வெக்க மாட்டேன்."

சரி, சரி என்றார். பிறகு, எதில் போடட்டும் என்று கேட்டார்.

"எது முன்னாடி கெளம்பறதோ அதுல ஏறுங்கோ" என்றேன்.